பெல்ரிவ் போட்ட ஓட்டு

இந்த விழாவுக்குத் தலைமையேற்று, மைக்கை நீட்டும்போதே “சீக்கிரம் முடிச்சிடு டெனிஸ்” என்று காதோடு சொல்லியிருக்கும் ஊர்மன்றத் தலைவி மரியான் லாபோன்ட் அவர்களே! காகித ஆலையில் காலமெல்லாம் கைதேய உழைத்து, ஆலையின் புகைபோக்கி சாய்ந்த பின்னும் சாயாமல் நிற்கும் பெரியவர்களே! பிள்ளையைத் தோளிலும் பையைக் கையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! விடிகாலையிலேயே பனியைத் தள்ளிப் பாதை திறந்துவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் சாலைப் பணியாளர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஆம்புலன்ஸ்காரி டெனிஸ் வெலெட்டின் வணக்கம்.

நம் பெல்ரிவ் ஊர் மருத்துவமனையின் பிரசவ வார்டு இன்று மறுபடி திறக்கிறது! தட்டுங்கள், தட்டுங்கள், உள்ளங்கை சிவக்கத் தட்டுங்கள்! எத்தனை குளிர்காலமாகக் காத்துக் கிடந்த கைகள்!

இதை நமக்கு யார் கொடுத்தார்கள்? வாஷிங்டன் கொடுத்ததா? மாநிலத் தலைநகர் கொடுத்ததா? மருத்துவமனையை நடத்தும் கம்பெனி மனமிரங்கிக் கொடுத்ததா? எவரும் கொடுக்கவில்லை. நாம் வாங்கினோம். ஓட்டைப் போட்டு வாங்கினோம். அதுவும் மனதுக்குப் பிடித்தவருக்குப் போடாத ஓட்டு! தொண்டையில் முள்ளாகக் குத்திய ஓட்டு! அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். மரியான் கடிகாரத்தைப் பார்க்கட்டும். நான் சொல்லியே தீருவேன்.

“இந்த ஊரில் பிள்ளைகள் பிறப்பது குறைவு, இனி மலையைத் தாண்டிப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்” என்று சொல்லித்தான் வார்டை மூடினார்கள். கேட்டோம், குமுறினோம், மனுக் கொடுத்தோம். மனுக்கள் மேசையிலேயே தூங்கின.

அடுத்த குளிர்காலம், அர்மான் துபேயின் மகள் செலஸ்டுக்கு வலி கண்டது. அர்மானை அறியாதவர் இங்கே யார்? ஆலையில் காகிதம் சுற்றும் உருளை இயந்திரத்தை ஓட்டிய மனிதர். மனைவி போன பிறகு மகளே உலகம் என்று வாழ்ந்தவர். வெளியே பனிப்புயல். என் ஆம்புலன்ஸில் தகப்பனும் மகளும். கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து குறுக்கே கிடந்தது. முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்ப இடமில்லை. அங்கேயே, அந்த நடுவழியிலேயே, குழந்தை பிறந்தது. குழந்தை வீரிட்டது. தாய் அடங்கிப் போனாள். உதிரம் நிற்கவில்லை.

“டெனிஸ்! எம்பொண்ணு கண்ணைத் தொறக்க மாட்டேங்கறாளே! ஏதாவது பண்ணேம்மா!”

என்ன பண்ணுவேன்? என்னிடம் இருந்தவை இரண்டு கைகள். அழுத்தினேன். ஆண்டவனை அழைத்தபடியே அழுத்தினேன். பனி தள்ளும் வண்டி வந்து வழி திறந்தது. செலஸ்ட் பிழைத்தாள். இனியொரு பிள்ளை அவளுக்கு இல்லை என்று டாக்டர்கள் சொன்னபோது, அந்த வாட்டசாட்டமான அர்மான் மருத்துவமனைச் சுவரில் நெற்றியை வைத்து நின்ற நிலையை நான் மறப்பேனா?

இப்படியே ஓராண்டு கழிய, வந்தது ஜனவரி. வந்தது ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். நாட்டுக்கே முதலில் நம் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில்தானே நடக்கும்? ஆண்டுக்கணக்கில் நம்மை வரைபடத்தில் தேடாதவர்களெல்லாம் வாசல்தோறும் வந்து வழுக்கி விழுந்தார்கள். கைகுலுக்கினார்கள், கட்டியணைத்தார்கள், கண்ட குழந்தைக்கெல்லாம் முத்தமிட்டார்கள்! குழந்தை எங்கே பிறந்தது என்று ஒருவராவது கேட்டாரா?

ஒரு கட்சியில் போட்டியிட்ட பலரில், கருத்துக்கணிப்பில் முன்னால் ஓடியவர் வேட் ஹாலோரன், வெளிமாநிலக் கவர்னர். ஜினெட்டின் சாப்பாட்டுக்கடைக்குக் கேமராக்களோடு வந்தார். பான்கேக் மேல் மேப்பிள் பாகைப் பெருக்கெடுத்து ஓடவிட்டார். அர்மான் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

“கவர்னர் சார், எங்க ஊர்ல பிரசவ வார்டை மூடிட்டாங்க. நீங்க ஜெயிச்சு வந்தா எங்களை மாதிரி சின்ன ஊருக்கு என்ன செய்வீங்க?”

கவர்னர் வாயைத் துடைத்துக்கொண்டார். “பெரியவரே, சின்ன ஆஸ்பத்திரிங்க காலமெல்லாம் போயிடுச்சு. ரோடு இருக்கு, காரு இருக்கு. கொஞ்சம் முன்னாடியே கிளம்பினா ஆச்சு!”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்சம் முன்னாடியே கிளம்புவதாம்! வலி என்ன பேருந்தா, நேரம் பார்த்து வர? ஜினெட் காபிக் கெண்டியைக் கீழே வைத்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அந்த வாரமே தீயணைப்பு நிலையத்தில் கூடினோம். கோபம் இருந்தது, வழி இல்லை. லூசியன் மோரின்தான் முதலில் எழுந்தார். என்ன லூசியன், தலையைக் குனிகிறீர்கள்? சொல்லத்தான் போகிறேன்!

“எவனும் வேணாம். தேர்தலன்னிக்கு நான் வீட்டைவிட்டு நகர மாட்டேன். அடுப்புல பீன்ஸ் வேகும், நான் சாப்பிடுவேன். என் ஓட்டு எனக்கே!”

பாதிக் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். சலித்துப் போயிருந்தோம், ஐயா! யாருக்குப் போட்டாலும் நமக்கு என்ன என்ற சலிப்பு, பனியைப்போல மெல்ல மெல்லப் படிந்து கதவையே மூடிவிட்டிருந்தது.

அர்மான் சொன்னார்: “நான் நோரா டெல்வெக்கியோவுக்குப் போடறேன். அந்தம்மாதான் எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து எம்பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. வேற எவன் கேட்டான்?”

உண்மை. அதே கட்சியில் போட்டியிட்ட நோரா நல்லவர், நம்மவர். ஆனால் கணிப்பில் எங்கோ கடைசியில் இருந்தார். ஹாலோரனை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஓடியவர் செனட்டர் ஃபிலிப் ஆஸ்குட் ஒருவர்தான். அவர் பேசினால் மைக்கே கொட்டாவி விடும்!

அப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செலஸ்ட் எழுந்தாள். “அப்பா, நோராவுக்குப் போட்டா ஹாலோரன் தோப்பாரா?”

“அதுக்காக மனசுக்குப் புடிக்காதவனுக்குப் போடச் சொல்றியா? நாப்பது வருஷமா நான் மனசறிஞ்சுதான் போட்டிருக்கேன்.”

“போடுங்கப்பா. உங்க மனசு சுத்தமா இருக்கும். அடுத்த பொண்ணு அந்தக் கணவாயில கிடப்பா.”

அர்மான் பேரக்குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “சரி. ஆனா சும்மா போட மாட்டேன். அந்த செனட்டரை இங்க வரச் சொல்லு. என் மூஞ்சியைப் பாத்து பதில் சொல்லட்டும்.”

ஆஸ்குட் வந்தார். அர்மான் அதே கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் வாக்குறுதி மழை பொழியவில்லை. “எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. தெரியாம பேசறது தப்பு. சொல்லுங்க, கேக்கறேன்” என்றார். மேல்கோட்டைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். செலஸ்ட் சொன்னாள், நான் சொன்னேன். அடுத்த தொலைக்காட்சி விவாதத்தில், நாடே பார்க்க, நம் வார்டைப் பற்றி ஹாலோரன் முகத்துக்கு நேரே கேட்டார். “பெல்ரிவர்” என்று நம் ஊர்ப் பெயரைக் கொலை செய்தார். போகட்டும்! பெயரைத் தவறாகச் சொன்னார், குறையைச் சரியாகச் சொன்னார்! ஹாலோரன் பதில் தெரியாமல் தண்ணீர் குடித்ததை அத்தனை பேரும் பார்த்தோம்.

அதன்பின் வீடு வீடாக ஏறி இறங்கினோம். சுற்றியுள்ள மலையூர்களுக்கெல்லாம் போனோம். நம்மில் பெரும்பாலோர் எந்தக் கட்சியிலும் பெயர் எழுதாதவர்கள். தேர்தலன்று விரும்பிய கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். அந்த உரிமைதான் நம் ஆயுதம். சிதறினால் சில்லறை, சேர்ந்தால் சம்மட்டி!

ஆனால் நண்பர்களே, வெற்றி விழாவில் வேதனையை மறைப்பது நேர்மையாகாது. அர்மான் நோராவைத் தொலைபேசியில் அழைத்தார். தன் ஓட்டு ஆஸ்குட்டுக்கு என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க அர்மான். நீதான் நல்லவ, ஆனா ஜெயிக்க மாட்டேன்னு. எல்லாரும் இப்படியே சொன்னா நான் எப்பத்தான் ஜெயிக்கிறது?”

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைக் குடைகிறது. அர்மான் தன் வீட்டு முற்றத்தில் நோராவின் பெயர்ப் பலகையைப் பனி உருகும்வரை யாரையும் பிடுங்க விடவில்லை.

தேர்தல் நாள் வந்தது. குளிர் எலும்பைக் கடித்தது. ஆனால் வரிசையைப் பார்த்தீர்களா? பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு தாண்டி, கொடிமரம் தாண்டி, தேவாலயத்தின் வேலி வரைக்கும்! ஊன்றுகோலோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றவரும் வந்தார்! ஆமாம் லூசியன், பீன்ஸ் அடுப்பில் கருகிக்கொண்டிருக்க வந்தீர்கள்!

“எந்தக் கட்சிச் சீட்டு வேணும் மிஸ்டர் மோரின்?” என்று கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் தான் வைது தீர்த்த கட்சியின் பெயரைச் சொல்ல லூசியனுக்கு நாக்கு எழவில்லை. விரலால் காட்டினார். சீட்டை வாங்கியதுமே அந்தக் கட்சிக்காரர் ஆகிவிட்டார்; போட்டு முடித்ததும் ஓர் அட்டையில் கையெழுத்திட்டு மறுபடி கட்சி சாராதவர் ஆனார். வெளியே வந்து என்ன சொன்னார் தெரியுமா? “கல்யாணமும் விவாகரத்தும் ஒரே ரூம்ல முடிஞ்சுடுச்சு. மாமியார் தொல்லைகூட இல்ல!”

சிரியுங்கள்! அன்றும் அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. சலித்த ஊர் ஒன்று சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? ஹாலோரன் தோற்றார்! மயிரிழையில் தோற்றார்! தெற்கே இருந்த நகரங்கள் அவரைத் தூக்கிவிட்டன, நம் மலையூர்கள் அவரை இறக்கிவிட்டன! மறுநாள் தொலைக்காட்சியில் மேதைகளெல்லாம் நெற்றியைத் தடவிக்கொண்டு, “வடக்கே என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். என்ன நடந்தது? பெல்ரிவ் நடந்தது!

இங்கே ஜெயித்த ஆஸ்குட் பின்னால் வேறு மாநிலங்களில் தோற்றார், ஜனாதிபதி ஆகவில்லை. அதனால் என்ன? நம் மனுக்களைத் தூங்கவைத்த மாநிலத்துச் சட்டமன்றக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்தது தங்கள் தேர்தல் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதே கணவாய் வழியாக வந்தார்கள். கொஞ்சம் முன்னாடியே கிளம்பி வந்தார்கள்! கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினார்கள், நிதி ஒதுக்கினார்கள், கதவு திறந்தது.

இரண்டாம் வரிசையில் செலஸ்டின் பக்கத்தில் நோரா டெல்வெக்கியோ அமர்ந்திருக்கிறார். எழுந்திருங்கள் அம்மா, ஊர் உங்களைப் பார்க்கட்டும். வாசலில் என்னிடம், “எனக்கு இன்னும் வருத்தந்தான் டெனிஸ். ஆனா இந்த வார்டைப் பாக்காம இருக்க முடியல” என்றார். அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கள் கைதட்டலும் உண்மையானது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது மரியானே அறியாத ஒரு செய்தி. நாம் இங்கே நாடா கட்டிக்கொண்டிருந்தபோது, பின்வாசல் வழியாக ஒரு பெண்ணை அழைத்து வந்தேன். நம் ஊர்க்காரி இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்டார்க்வெல் ஊர்க்காரி. மலையூர்களில் ஹாலோரனுக்கு அள்ளி அள்ளிப் போட்டது அந்த ஓர் ஊர்தான், நினைவிருக்கிறதா? உள்ளே போனாள். யாருக்குப் போட்டாய் என்று எந்த நர்ஸும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். அதற்காகத்தானே ஜெயித்தோம்! நான் மேடையேறும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. தாய் கண் திறந்து சிரிக்கிறாள்.

தலைவி அவர்களே, நாடாவை நிதானமாக வெட்டலாம், அவசரமில்லை. வார்டு ஏற்கெனவே திறந்துவிட்டது!

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பிள்ளை அழுதும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், கேலியைத் தாங்கிக்கொண்ட லூசியனுக்கும், தன் மனதோடு மல்லுக்கு நின்று ஊரை ஜெயிக்கவைத்த அர்மானுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. புதிதாக வந்திருக்கும் ஸ்டார்க்வெல் குட்டிக்கு பெல்ரிவ் ஊரின் முதல் வணக்கம்!