ஒன்றாம் வகுப்புக்குப் போன கோயில் பெஞ்சுகள்

என் பெயர் லோயிஸ். கணவர் பெயர் எட்வின். வயது ஐம்பத்தெட்டு. தார்நாகாவில் குடியிருக்கிறேன். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை நடத்தும் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வேதா அடிபட்ட வழக்கில் போன வாரம் இதே நிலையத்தில் இங்கிலீஷில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதை மாற்றுவதற்காக நானாகவே வந்திருக்கிறேன். தமிழில் சொன்னால்தான் நழுவாமல் சொல்வேன் என்று கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் அனந்தகிருஷ்ணன் எழுதுகிறார். இது உங்கள் மேலேயே திரும்பும் மேடம் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். ஹவ், ஆமாம், தெரியும் என்றேன்.

இந்த வருஷ பட்ஜெட்டில் ஒன்றாம் வகுப்புக்குச் சின்ன மேஜை, நாற்காலி வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தோம். அதே சமயத்தில் எங்கள் கோயிலில் பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போடுவதென்று முடிவானது. பெஞ்சுகளை மரக்கடைக்குத் தள்ளிவிடப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று, லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் அப்பா சிலாஸ் நினைவாக நாங்கள் கொடுத்தது. அதன் முதுகில் அவர் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு இருக்கும். எங்கள் சபையில் பெஞ்சில் பெயர் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் குடும்பம் அதில்தான் உட்காரும், வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். அப்பா பெயர் மரக்கடைக்குப் போவதா என்று எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு நடந்த பள்ளிக் கமிட்டியில், அந்தப் பெஞ்சுகளை ஒன்றாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், ஃபர்னிச்சர் பணம் மிச்சமாகும் என்றேன். அப்பா பேச்சையே எடுக்கவில்லை, சிக்கனம் சிக்கனம் என்றே பேசினேன். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கால் எட்டுமா என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மிச்சமான பணத்தில் பெற்றோர்கள் உட்காருவதற்கு என் ஆபீஸ் வாசலில் சோபா வாங்கிப் போட்டோம்.

அதன் பிறகு பெஞ்சுகளைக் கழற்றிக் கொண்டுவரும் வேலையை, பள்ளிக்கு வழக்கமாகத் தச்சுவேலை செய்யும் சூசைராஜிடம் கொடுத்தேன். கோயிலில் அவை தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தவை. கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். வகுப்பில் வரிசையாக வைத்து முடித்ததும், "போல்ட் போட்டுரட்டா டீச்சரம்மா?" என்று சூசைராஜ் கேட்டார். அந்த அறைக்குக் கோடை லீவில்தான் புதுத் தரை போட்டிருந்தோம், முகம் பார்க்கலாம் போல் இருந்தது. "நக்கோ சூசைராஜ், புதுத் தரையில ஓட்டை போடாதீங்க. இவ்வளவு கனத்த பெஞ்சு எங்க போயிரப் போகுது?" என்றேன். சரி என்று டிரில்லைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அப்போது அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

பள்ளி திறந்த பிறகு வகுப்பு ஆசிரியை அக்ஷதா என்னிடம் வந்து, பெஞ்சுகளின் முதுகு உயரமாக இருப்பதால் பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு போர்டு தெரியவில்லை, ஏறி நின்று முன் பெஞ்சைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்றார். பிள்ளைகளை அடக்கத் தெரியாமல் பெஞ்சைக் குறை சொல்லாதே என்று வாயை அடைத்து அனுப்பினேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

சம்பவம் நடந்த அன்று முதல் பீரியடில் பெரிய சத்தம் கேட்டு ஓடினேன். பின்னாலிருந்த பிள்ளைகள் பிடித்து இழுத்ததில் ஒரு பெஞ்சு அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேதாவின் வலது கை அதன் அடியில் இருந்தது. பிள்ளை கத்தவில்லை, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. நான் முதலில் பார்த்தது பிள்ளையை அல்ல. விழுந்த பெஞ்சில் தகடு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, அது அப்பா பெஞ்சு இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. சீ, நானும் ஒரு மனுஷியா! காவலர் இங்கே பேனாவை நிறுத்தினார். இதையும் எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு அக்ஷதாவும் நானும் பெஞ்சைத் தூக்கினோம், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆள்காட்டி விரலின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் எழுதப் பழகிக்கொண்டிருந்த கை அது. மறுநாள் பிள்ளையின் அம்மா மஹதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து அந்த சோபாவில் உட்கார்ந்து, பெஞ்சை ஏன் முடுக்கவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடுக்கச் சொன்னேன், தச்சர் மறந்துவிட்டார் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதன் பிறகு போலீசிலும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும், சபையில் தலைகாட்ட முடியாது என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை.

சூசைராஜ் மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுத்தால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை. சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து அவருக்குக் கொஞ்சம் மறதி உண்டு. "டீச்சரம்மா சொன்னாங்கன்னா சொல்லியிருப்பாங்க, நாந்தான் மறந்திருப்பேன்" என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்குத் தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

நேற்று அவர் மனைவி ஆரோக்கியமேரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மன்னிச்சிருங்க டீச்சரம்மா. நீங்க சொன்னது அவருக்குச் சுத்தமா ஞாபகமே வரமாட்டேங்குதாம். நான் எதை மறந்து யாரைக் கொல்லப் போறேனோன்னு சொல்லி, உளி ரம்பம் எல்லாத்தையும் சாக்குல கட்டி வச்சிட்டாரு. அடுப்பைக்கூட என்னை ரெண்டு தடவை அணைக்கச் சொல்றாரு. நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் பண்ணினேன். கண்ணை மூடி, அவர் தலையில் கை வைத்து, கர்த்தாவே இவர் கணவருக்கு நல்ல ஞாபகசக்தியைக் கொடும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆமென் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆரோக்கியமேரிதான் சொன்னார்.

ஆகவே சொல்கிறேன். சூசைராஜ் செய்ய வேண்டிய எதையும் மறக்கவில்லை. போல்ட் போடட்டுமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்று நான் சொன்னேன். அவருடைய தலையில் ஒரு கோளாறும் இல்லை, வேலையிலும் இல்லை.

விசாரணைக்கு வரச் சொன்னதால் அவர் இப்போது இந்த நிலையத்து வராந்தாவில்தான் இருக்கிறார். நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார். இதை இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பதற்கு முன் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கும்போது அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் நிற்கிறேன்.

இதுவரை எழுதியவை என் வாயால், யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னவை. படிக்கக் கேட்டேன். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. உண்மை.

(ஒப்பம்) லோயிஸ் எட்வின்

என் முன்னிலையில் எழுதப்பட்டது. சூசைராஜுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பலமுறை சொல்லியும் அவர் உட்காரவில்லை.

அனந்தகிருஷ்ணன், தலைமைக் காவலர்