டிசம்பரைத் தாண்டாது

மதிப்பிற்குரிய பட்டாபிராமன் சார்,

அன்றைக்கு மருத்துவமனைக்கு நான் தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் போனேனா, ஜெரோஷின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேனா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. டீ கொடுத்தார்கள், அதில் இஞ்சி அதிகம் என்று ஒரு நினைவு. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். ஐம்பத்தொரு வயதில் இப்படித்தான் ஆகிவிடுகிறது. எந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டு எந்தக் கிளப்பிலிருந்து எந்தக் கிளப்புக்குப் போனார் என்பது மட்டும் இன்றும் பிசகாது.

நீங்கள் விசாரணையை முடித்து அறிக்கையும் கொடுத்துவிட்டீர்கள். அதில் என்னைப் பற்றிய ஒரு வாக்கியம் தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

இங்கே புனேயில், சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புச் சாயம் தடவித் தள்ளி வைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தபின் இணையத்தில் என் பக்கத்தில் கால்பந்து ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுவேன். யாரை வாங்கலாம், யாரை விட்டுவிடலாம், இரண்டு கிளப்புகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டால் யார் ஏமாந்தார்கள் என்பதெல்லாம். பழைய கிளப்போடு ஒப்பந்தம் முடிந்து, கூப்பிட்டவர்களிடம் போகலாம் என்று நிற்பவர்களை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். அவர்களைப் பற்றி என் கட்சி ஒன்றே ஒன்று. இவன் எத்தனை கோல் போட்டான் என்று கேட்காதே, இவனை ஏன் விட்டார்கள் என்று கேள். பதினைந்து வருடமாக இதையே எழுதுகிறேன். முந்நூறு பேர் படிப்பார்கள்.

ஜெரோஷ் எங்கள் சர்ச்சில் கிடார் வாசிப்பவன். என்னைவிடப் பதினேழு வயது இளையவன். அவனாகத்தான் வந்தான். "அரே, இத யாரு அண்ணா உக்காந்து படிப்பா? பேசலாம், வாங்க" என்றான். அவனுடைய ஃப்ளாட்டில் இரண்டு நாற்காலி போட்டு, மைக் வைத்து, இந்தியில் பேசி வீடியோவாகப் போட்டோம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நான் சும்மா இருப்பதில்லை. எனக்குள் பதில் உருவாகிக்கொண்டிருக்கும். முதல் நிகழ்ச்சி வெளியான அன்று ஜெரோஷ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணா, நீங்க யோசிக்கற எடமெல்லாம் வெட்டிட்டேன். நாப்பது நிமிஷம் பதினொண்ணாயிடுச்சு."

ஆறு மாதம் கழித்து, நான் எழுதிக் கொடுத்தால் போதும், அவன் பேசிக்கொள்வதாக ஏற்பாடு.

பார்ப்பவர்கள் எண்பதாயிரத்தைத் தொட்டார்கள். என் மனைவி ஹெலினா பூண்டு உரித்தபடி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த வரி என்னுடையது.

"அது நான் எழுதினது" என்றேன்.

"இருக்கும். போன வாரம் சாப்பிடும்போது நீங்களும் சொன்னீங்க. அப்ப சிரிப்பு வரல."

அவள் புண்படுத்தச் சொல்லவில்லை. பூண்டைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

பிறகு நம் ஊர்க் கிளப் ஜெரோஷைக் கூப்பிட்டு, ஆட்டக்காரர்களைத் தேடித் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுத்தது. பேடா டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். "இது உங்களாலதான் அண்ணா" என்றான். அது உண்மை. அவன் அதைத் தெரிந்துவைத்திருந்தான், சொல்லவும் செய்தான். நன்றிகெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

அவன் தேர்ந்தெடுத்த முதல் ஆள்தான் ததேயூஸ். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், இருபத்துநாலு வயது, இடது ஓரத்தில் ஓடுகிறவன். கேரளத்தில் ஒரு கிளப் அந்தக் கோடையில் அவனைப் பேசாமல் விட்டுவிட்டது. ஜெரோஷ், இந்த வருடத்தின் மிகச் சிறந்த ஃப்ரீ ஏஜென்ட் நம் கைக்கு வருகிறான் என்று எல்லோருக்கும் முன்னால் அறிவித்தான். எங்கள் வட்டத்தில் ஒரு செய்தியை முதலில் சொன்னவன்தான் சொன்னவன். இரண்டாவதாகச் சொல்பவன் திருப்பிச் சொல்பவன், அவ்வளவுதான்.

என் பக்கத்தில் நான் எழுதினேன்: "இவ்வளவு வேகமாக ஓடும் ஒருவனை இருபத்துநாலு வயதில் எந்தக் கிளப்பும் சும்மா விடாது. விட்டார்கள் என்றால், அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை. இந்த ஒப்பந்தம் டிசம்பரைத் தாண்டாது."

யாரோ அதைப் படம் பிடித்து ஜெரோஷின் நிகழ்ச்சிக்குக் கீழே போட்டார்கள். எனக்கு டிசம்பர் காகா என்று பெயர் வந்தது. காகா என்றால் இங்கே சித்தப்பா. "காகாவுக்கு வயிறு எரியுது, யாராவது ஜெலுசில் குடுங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஆயிரத்து இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பேர் தெரிவித்ததில்லை.

கையெழுத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை. ததேயூஸுக்குத் தமிழும் மலையாளமும்தான். ஜெரோஷ் எனக்குப் போன் செய்தான். "அவன் பேசறது தமிழா மலையாளமா, எனக்கு ஒண்ணுமே சமஜ் ஆகல. நீங்க டாக்டர்ட்ட எடுத்துச் சொல்லிடுங்க அண்ணா, ப்ளீஸ்."

இனி வருவது நீங்கள் கேட்ட பகுதி.

அறையில் மூன்று பேர். டாக்டர் மராத்திக்காரப் பெண், நிதானமானவர். ததேயூஸ் சட்டையில்லாமல், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ஜெரோஷ் வெளியே தாழ்வாரத்தில் நின்று, பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஈ.சி.ஜி. தாளை என்னிடம் காட்டினார். கோடு சற்று வித்தியாசமாக இருக்கிறது, நிறைய ஓடுகிறவர்களுக்கு இப்படி இருக்கும், இதய நோயிலும் இப்படி இருக்கும் என்றார். "ஓடும்போது எப்போதாவது நினைவு தப்பி விழுந்திருக்கிறானா என்று கேளுங்கள். விழுந்திருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்."

நான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு நம்ம ஊரா?" என்றான்.

"இல்ல. பொறந்தது வளந்ததெல்லாம் இங்கதான்."

"அப்ப மெல்லச் சொல்லுதேன்" என்றான், எனக்கு உதவுவதுபோல. "உண்டு அண்ணே. ரெண்டு தடவ. ஓடிட்டு நிக்கும்போ போதங்கெட்டு விழுந்தேன். அதுனாலதான் பழைய கிளப்புல வேண்டாம்னு விட்டாங்க போல, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லேல. நீங்க டாக்டர்ட்ட சொல்லிருங்க. மறைக்கக் கூடாதுன்னு எனக்க வீட்டுக்காரி சத்தியம் வாங்கி விட்டிருக்கா."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் எழுதியது சரி. அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இருந்தது.

சற்று நேரம் பேசாமல் இருந்தேன். டாக்டர் காத்திருந்தார். என் மௌனத்தை வெட்டாமல் காத்திருந்த மனிதர்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை. அந்த நேரத்தில் நான் யோசித்தது இதுதான். இப்போது சொல்லிவிட்டால் ஒப்பந்தம் இல்லை. கையெழுத்தாகாத ஒப்பந்தம் யாருடைய தவறும் ஆகாது. ஜெரோஷ் நல்ல ஆளைக் கண்டுபிடித்தான், பாவம், உடம்பு சரியில்லாமல் போயிற்று என்பார்கள். அவன் அதையும் ஒரு நிகழ்ச்சியாகப் பேசி எல்லோரையும் கண்கலங்க வைப்பான். நான் டிசம்பர் காகாவாகவே இருப்பேன்.

டாக்டரிடம் இந்தியில் சொன்னேன்: "இரண்டு தடவை குடித்துவிட்டு விழுந்திருக்கிறானாம். கல்யாண வீட்டில்."

கல்யாண வீடு என் சேர்க்கை. ஒரு இடத்தைச் சொன்னால் நம்புவார்கள்.

டாக்டர் லேசாகச் சிரித்து எழுதிக்கொண்டார். குடும்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். ததேயூஸ் என் கையைப் பிடித்து, "பெரிய உபகாரம் அண்ணே" என்றான்.

ஒன்பது ஆட்டத்தில் ஏழு கோல் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மீன்குழம்பு சாப்பிட வருவான். "இந்த ஊர்ல எனக்க பேச்சக் கேக்க நீங்க ஒராளுதான் உண்டு" என்பான். ஹெலினா அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். எல்லா ஆட்டத்துக்கும் போனேன். ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். அவன் பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். டாக்டருக்கு ஒரு போன் போதும் என்பது எனக்குத் தெரியும். எண்ணும் என்னிடம் இருந்தது. ஆனால் மக்கள் ஜெரோஷின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்தவனின் பெயரைச் சொல்லிக் கத்தும் கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நவம்பர் இருபத்துமூன்று, எழுபத்தோராவது நிமிடம். யாரும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் முகம் குப்புற விழுந்தான். எல்லோரும் எழுந்து நின்றதால் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. டிசம்பருக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இதயத்தைத் திரும்ப இயக்கிவிட்டார்கள். அதற்குள் மூளைக்கு வெகுநேரம் ரத்தம் போகாமல் இருந்துவிட்டது.

தமிழ் தெரிந்தவர் என்பதால் கிளப் உங்களை விசாரணை அதிகாரியாக வைத்தது. அவன் மனைவி எழுதிய கடிதம் உங்கள் முன்னால் இருந்தது. 'போதங்கெட்டு விழுந்தது எல்லாம் டாக்டரிடம் சொல்லியாச்சு என்று அன்றைக்கே போனில் சொன்னார்' என்று அவள் எழுதியிருந்தாள். நீங்கள் கும்பகோணத்துக்காரர். அந்த வார்த்தையில் வந்து நின்றீர்கள். "போதம்னா என்ன, போதையா?" என்று உங்களையே கேட்டுக்கொண்டீர்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "மிஸ்டர் பெனிஸ்டன், எனக்கே போதைன்னுதானே படறது. நீங்க பூனாவிலேயே பொறந்தவர். உங்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும், இல்லையா?"

நான் பேசாமல் இருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். அந்த மௌனத்தை நீங்கள் ஆமாம் என்று எழுதிக்கொண்டீர்கள். குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு, எனக்கு ஞாபகம் முன்போல் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். பக்கத்து நாற்காலியில் ஜெரோஷ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து, "உங்க தப்பு இல்ல அண்ணா. நம்ம யாருக்குமே நம்ம பாஷ சரியா தெரியாது" என்றான்.

இரண்டு வாரத்துக்கு முன் நான் அவன் ஃப்ளாட்டில் இருந்தபோது ததேயூஸின் மனைவி போன் செய்தாள். ஜெரோஷ் ஸ்பீக்கரில் போட்டான். அவள் வேகமாகப் பேசினாள். அழுதுகொண்டு பேசியதால் இன்னும் வேகம். "இன்னும் போதம் தெளியேல அண்ணா, கண்ணு மட்டும் தொறந்திருக்கு" என்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்றான் ஜெரோஷ்.

"இன்னும் நினைவு திரும்பலையாம். கண்ணு மட்டும் திறந்திருக்காம்."

எப்போதும் யோசித்துச் சொல்கிறவன் நான். அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவள் போனை வைத்தபின் ஜெரோஷ் டீக் கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவினான். நெடுநேரம் கழுவினான். திரும்பி வந்து, "அந்த வார்த்த உங்களுக்குத் தெரியும்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் வெட்டவில்லை.

என் அம்மா குளச்சல் பக்கம். அப்பா இங்கே மிலிட்டரி இன்ஜினியரிங் காலேஜில் ஸ்டோரில் வேலை பார்த்தார். எனக்குப் பதினான்கு வயதில், பள்ளிக்கூட வாசலில் அம்மா செருப்பில்லாமல் வந்து நின்று சொன்னாள்: "அப்பா ஸ்டேசன்ல போதங்கெட்டு விழுந்துட்டாருடா." எனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளில் இதைப்போல நன்றாகத் தெரிந்தது வேறு எதுவும் இல்லை.

ஆகவே, 'வட்டார வழக்கு புரியாததால் நேர்ந்த பிழை' என்று உங்கள் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் இருப்பதை நீக்கிவிடுங்கள். எனக்குப் புரிந்தது. குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு அவன் சொன்ன பதிலும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "எனக்க அண்ணன் வலை இழுக்கும்போ இப்பிடித்தான் விழுந்தான். பொறவு எழும்பேல." டாக்டரிடம், வீட்டில் எல்லோரும் நலம் என்றேன். அதில் தவறாகக் கேட்க எந்த வார்த்தையும் இல்லை.

யாரும் கட்டாயப்படுத்தி இதை எழுதவில்லை. ஜெரோஷ் மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் கிடையாது. உண்மை பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

ததேயூஸ் ஊரில் அவன் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறான். ஊட்டினால் விழுங்குகிறான். அவன் மனைவி மீன் ஐஸ் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். டாக்டரைக் கிளப் மாற்றிவிட்டது. கிளப் ஜனவரியில் இன்னொரு ஃப்ரீ ஏஜென்டை எடுத்தது. சுமாரான ஆள். ஹெலினா நாலு நாளாக அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஜெரோஷ் கிளப்பை விட்டு, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டான். திங்கட்கிழமை உங்களைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறானாம். ஹெலினா போனில் சொன்னாள்.

இன்று சனிக்கிழமை. இதை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். வாங்கிக்கொண்ட தேதியை மேலே குறித்துவிடுங்கள்.