சுண்டு விரல் அளவு

கதை எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பிறர் பேசிக்கொண்டதை அவர்கள் அறியாமல் கேட்டு எழுதுவது முறைதானா என்று பல நாள் தயங்கினேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். என் பழைய காரின் புகைக்குழாய் வெடித்துவிட்டது. அந்த மாடலுக்கு அசல் குழாய் இனி வராது என்றார்கள். ஆகவே வெளிச்சந்தையில் விற்கும் 'ஹெடர்' என்ற நான்கு குழாய்க் கொத்தை வாங்கி, ஓர் அக்காவும் தம்பியும் நடத்தும் பணிமனையில் பொருத்தச் சொன்னேன். வண்டியை எடுத்த நான்காம் நாள், வலப்பக்கம் திரும்பும்போது ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. கார் ஒரு மதிலில் மோதியது. எனக்குக் காயமில்லை. பழுது நீக்கிய காரைப் பெற, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போய், தகரத் தடுப்புக்கு இப்பால் இருந்த பெஞ்சில் அமர்ந்தேன். வந்திருப்பதாகக் குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

தம்பி: இன்னும் கொஞ்சம் வலது... இன்னும்... ம், போதும். அப்படியே பிடிச்சுக்கோ.

அக்கா: முழுசா திருப்பியாச்சுடா. இதுக்கு மேல திருப்பினா ஸ்டியரிங் கையோட வந்துரும்.

தம்பி: இப்ப இடது... திரும்பவும் வலது. சரி, இறங்கி வா. களிமண்ணைப் பிரிச்சுப் பாக்கலாம்.

அக்கா: களிமண்ணாம். இது பட்டறையா, பாலர் பள்ளியா?

தம்பி: என் பாப்பாவோடதுதான். குழாய்ல ஒட்டிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினா, சக்கரத்தைத் திருப்பற ராடு எவ்வளவு கிட்ட வருதுன்னு அதுவே காட்டிக்கொடுத்துரும்.

அக்கா: எனக்கே பாடமா? குழாய்க்கும் ராடுக்கும் நடுவுல என் சுண்டு விரல் சுத்தி வந்துச்சுன்னா வண்டி போகலாம். இருபது வருஷமா அதுதான்டா அளவு.

தம்பி: யார் இல்லன்னா? அந்த விரலை நம்பித்தானே எல்லாரும் இங்க...

அக்கா: டப்பா ஏன் பாதி காலியா இருக்கு?

தம்பி: பாப்பா யானை செஞ்சா.

அக்கா: நிஜ யானை அளவுக்கா?

தம்பி: பேச்சை மாத்தாதே. இதைப் பாரு. மூணாவது குழாய்ல ஒட்டினது. காகிதமா நசுங்கியிருக்கு.

அக்கா: எஞ்சினைத் தாங்கற மவுண்ட் அமுங்கியிருக்கும். எஞ்சின் இறங்கினா குழாயும் கூடவே இறங்கத்தானே செய்யும்?

தம்பி: மவுண்ட் நேத்தே புதுசு போட்டாச்சு. போட்டதுக்கப்புறம் நீதான் விரல் விட்டுப் பாத்து, தாராளமா போகுதுன்னு சொன்னே.

அக்கா: விரல் போச்சுடா. எங்கயும் இடிக்கலை.

தம்பி: காகிதம் போற சந்துல விரல் எப்படிக்கா போச்சு?

அக்கா: அப்ப ஹெடரே கோணலா இருக்கும். கடைச் சரக்குதானே. இல்லேன்னா, அதைப் பின் குழாயோட சேர்த்து நீ வச்ச வெல்டிங்...

தம்பி: என் வெல்டிங்குக்கு என்ன?

அக்கா: ஒண்ணுமில்ல. வேலையைப் பாரு. நாலு மணிக்கு டீச்சர் வந்துருவாங்க.

தம்பி: அவங்களா? மூணுக்கே வந்து, உள்ள வரலாமான்னு செருப்புகிட்ட கேட்டுட்டு நிப்பாங்க.

அக்கா: பாவம்டா. மோதினதும் இறங்கிப் போய் மதில்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களாம்.

தம்பி: சிரிக்காதே. அது பள்ளிக்கூடம் விடற நேரம். மதிலுக்கு முன்னாடி பசங்க நின்னிருந்தா?

அக்கா: நான் சிரிக்கலை.

தம்பி: சரி, தள்ளு. குழாயைச் சூடு பண்ணி, ராடு வர்ற இடத்தை மட்டும் உள்ளுக்குத் தட்டிடறேன்.

அக்கா: ரொம்பத் தட்டிடாதே. புகை போக வழியில்லாம எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

தம்பி: உன் சுண்டு விரல் ஆழம்தான். போதுமா, அளவு மேடம்?

அக்கா: வாயால தட்டாதே, சுத்தியலால தட்டு.

தம்பி: ...ஆச்சு. ஏறி ஸ்டார்ட் பண்ணு. வலது ஒடிச்சு வச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரை மிதி... இன்னும்... எஞ்சின் குலுங்கறப்பவும் படலை. அப்பாடா. ஆஃப் பண்ணிடு.

அக்கா: நகரு. நானும் ஒரு தடவை விரல் விட்டுப் பாத்துடறேன்.

தம்பி: ஆறட்டும்க்கா. இப்பதானே ஓடுச்சு.

அக்கா: அவங்க வர்ற நேரமாச்சுடா... இதோ, போகுது பாரு. மேல... கீழ... தாராளம்.

தம்பி: அக்கா, கையை எடு.

அக்கா: இரு, இன்னும் சுத்தி முடிக்கலை.

தம்பி: விரல் குழாய் மேல இருக்குக்கா.

அக்கா: எங்க? படவே இல்லியே.

தம்பி: எடுன்னு சொல்றேன்ல... தோல் கருகற வாசனை வருது. வா. தண்ணில காட்டு.

அக்கா: இழுக்காதே, வரேன்.

தம்பி: எரியுதா?

அக்கா: இல்ல.

தம்பி: கொஞ்சம்கூடவா?

அக்கா: இல்லடா. அதான் விஷயமே.

தம்பி: எத்தனை நாளா இப்படி?

அக்கா: முதல்ல சுண்டு விரல் நுனி மட்டும் மரத்துப்போச்சு. அப்புறம் பக்கத்துல ரெண்டு. சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உணர்ச்சி திரும்பி வரும்னு மட்டும் சொல்லலை.

தம்பி: மாமாவுக்குத் தெரியுமா?

அக்கா: யாருக்கும் தெரியாது. இந்தப் பட்டறையில எனக்குன்னு என்னடா இருக்கு? வெல்டிங் உன்னோடது, டிங்கரிங் உன்னோடது. எனக்கு இந்த விரல்தான். இதுவும் செத்துப்போச்சுன்னா டீ வாங்கிட்டு வரத்தான் லாயக்கு.

தம்பி: அதுக்காக...

அக்கா: விரல் எங்கயும் இடிக்கலைன்னா இடம் இருக்குன்னு அர்த்தம். இத்தனை வருஷமும் அப்படித்தானே? இடிச்சும் எனக்குத் தெரியாம போயிருக்கும்னு தோணவே இல்ல... இல்லடா, தோணுச்சு. உன்கிட்ட எதுக்குப் பொய். டீச்சர் வண்டியை அனுப்பறப்பவே தோணுச்சு.

தம்பி: விடுக்கா.

அக்கா: விடற மாதிரியா பண்ணியிருக்கேன்? மோதிட்டேன்னு டீச்சர் போன் பண்ணப்ப, என் தம்பி வச்ச வெல்டிங் கோணல், அதனால குழாய் சாஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

தம்பி: தெரியும்.

அக்கா: தெரியுமா?

தம்பி: மறுநாள் வந்து, 'தாங்கள் சிறிதும் வருந்த வேண்டாம், தம்பி'ன்னு புத்தகத் தமிழ்ல ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு.

அக்கா: கேட்டுட்டு வாயை மூடிட்டா இருந்தே? உன் வெல்டிங்ல ஒரு நூல் பிசகு வராதுன்னு எனக்குத் தெரியாதா? வந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. ஏன்டா கேட்கலை?

தம்பி: எந்த முகத்தோட கேட்கறது... பாப்பா யானை ஒண்ணும் செய்யலைக்கா. ஆறு மாசம் முன்னாடி, கொதிக்கிற டீ டம்ளரை வெறும் கையால பிடிச்சுக்கிட்டு யார்கூடவோ பேசிட்டு நின்னே. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுலேருந்து, நீ விரல் விட்டு சரின்னு சொன்ன வண்டியையெல்லாம், நீ வீட்டுக்குப் போனதும் களிமண் வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பறேன். உன்கிட்ட சொல்ல மனசு வரலை. டீச்சர் வண்டி போன அன்னைக்குப் பல்வலி, உனக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். இந்த ஒரு வண்டிதான்க்கா விட்டுப்போச்சு.

இழப்புகளைக் குறித்து முடித்துக்கொள்கிறேன். என் காரின் வலப்பக்க முன்விளக்கு. மதிலில் ஐந்து செங்கற்கள். அக்காவின் வலக்கையில் மூன்று விரல்களின் உணர்வு. சுண்டு விரலின் தோல் மட்டும் பின்னர் வளர்ந்துவிட்டது. களிமண், ஒரு டப்பாவில் பாதி. உயிர், எதுவும் இல்லை.