முடிசூட்டுக் கூட்டத்தில் ஒருவர்

கம்பம் போகும் பஸ் சின்னமனூரைத் தாண்டியிருந்தது. "படத்துக்குள்ள எம் புருசனப் பாத்தேன்க்கா" என்று முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எந்தப் படத்துல?"

"பறக்குற குதிர, மந்திரவாதி எல்லாம் வருமே, மூணாறு மலையில எடுத்தாகளே, அது. மக சிடி வாங்கி வச்சிருக்கா. பத்துத் தடவ பாத்திருப்போம், நேத்துத்தான் கவனிச்சேன். ராணிக்கு முடி சூட்டயில பின்னால கூட்டத்துல தலப்பாக் கட்டிக்கிட்டு நிக்கிறாக."

"ஏலத் தோட்டத்துல வேலன்னு மூணு வருசமா அங்கனதான இருக்காக. கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டிருப்பாக. போனா என்ன தப்பு?"

"தோள்ல ஒரு பிள்ள இருக்கு. ஒருத்தி கையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா."

"அதுவும் நடிப்பா இருக்கும்டி."

"பிள்ள அப்படியே அவுக சாடைக்கா."

"மகளுக்குத் தெரியுமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"அவ மொதத் தடவையே பாத்துட்டா போல. அந்த எடம் வரப்பெல்லாம், தண்ணி கொண்டாம்மான்னு என்னைய அடுப்படிக்கு அனுப்பிருவா. நேத்து அவ வீட்டுல இல்லக்கா."