பயந்த பால்

ஓடுகிறேன். கையில் மகள். ஏழு மாதம். முன்னால் மாமி, என் கணவரின் உம்மா, செருப்பில்லாமல் ஓடுகிறார். பின்னால் முஸ்லிம் கடைகளை உடைக்கும் கும்பல். கண்ணாடி நொறுங்குகிறது. மூன்று முறை. எங்கள் பிடவைக் கடையில் துணி அடுக்கிய மூன்று அலுமாரிகள்.

நோன்பு மாதம். பின்னேரம், அஸர் தொழுது முடிந்த நேரம். அடுப்பில் கஞ்சி. யுத்தம் முடிந்து வருடங்களாகிவிட்டன. இனி ஓட வேண்டியதில்லை என்று நம்பிய மடச்சி நான்.

"பின்வளவால ஓடுங்க! வாளோட வாறானுகள்!"

கணவரின் குரல். அவர் முகத்தில் இரும்புக் கம்பி விழுந்ததைப் பார்த்தேன். திரும்பிப் போகவில்லை. கையில் பிள்ளை.

உப்பளத்து வாடிக் கொட்டிலுக்குள் புகுந்தோம். மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினோம். வெளியே மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பிள்ளை அழ வாய் திறந்தாள். முலையைத் திணித்தேன். குடித்தாள். சத்தமில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

மாமி உடனே பிள்ளையைப் பறித்தார்.

"இனிக் குடுக்காத புள்ள. பயந்த பால் நஞ்சு. என்ட மூத்தவன் அப்பிடித்தான் மௌத்தானான்."

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது, படகில் மாமி பால் கொடுத்த பிள்ளை. புத்தளத்தில் இறங்கிய நாலாம் நாள் அடக்கினார்கள். மாமி சொன்னதை நம்பினேன். இந்த முறை நாங்கள் அகதிகளாகப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இரண்டு வாரமும் பாலைப் பீய்ச்சி மண்ணில் ஊற்றினேன். பிறகு பீய்ச்சவும் ஒன்றுமில்லை. பிள்ளை போத்தலில் பால்மா குடித்தாள். வயிற்றோட்டம் பிடித்தது. கையில் ஊசி குத்தி சேலைன் ஏற்றினார்கள். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பினாள்.

மருத்துவ மாது வந்தார்.

"பயந்தா பால் குறையும். நஞ்சாகாது. குடுத்திட்டே இருந்திருக்கோணும்."

மாமியைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது எனக்கு. அதற்குள் மாமி கேட்டார்.

"அப்ப என்ட மகன் என்ட பாலால மௌத்தாகலயா?"

"இல்ல உம்மா. அழுக்குத் தண்ணியா இருக்கும். காய்ச்சலா இருக்கும். உங்கட பால் இல்ல."

மாமி சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருடமும் அழாத அழுகை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இழந்தவை இவை. கடை. மூன்று அலுமாரிகள். தையல் மெஷின். என் கணவரின் இடது கண். மாமியின் மூத்த மகன், நாற்பத்தொரு நாள் பிள்ளை. என் மகள் உயிரோடு இருக்கிறாள். இரண்டு வருடம் அவள் குடிக்க வேண்டிய பால். ஏழு மாதம்தான் கொடுத்தேன். மிச்சத்தை நானே மண்ணில் ஊற்றினேன்.