பழைய வண்டி மேல் பழி

பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, நான் முதல்ல கதவைத்தான் சொல்லுவேன் சார். ரெண்டும் ஒரே வெளிநாட்டுக் கம்பெனிதான். பழசுல கதவை நாமதான் சாத்தணும். அரிசி மூட்டைய இறக்கின மாதிரி கனமா ஒரு சத்தம் வரும். புதுசுல லேசா தள்ளினா போதும், மிச்சத்தை அதுவே இழுத்துக்கும். நம்மள நம்பாத வண்டி சார் அது.

காந்தி ரோட்டுல பட்டுக்கடை வெச்சிருந்த கலியாணசுந்தரம் முதலாளிக்கு, பழைய வண்டி வந்த நாள்லேர்ந்து நான்தான் டிரைவர். பின்சீட்டுல உக்காந்துக்கினு எல்லாத்தையும் என்கிட்டதான் பேசுவாரு. சம்சாரம் போனப்போ அவரு அழுதது வீட்டுல இல்ல, திருமுக்கூடல் ஆத்தங்கரையில, வண்டிக்குள்ள. அவரு முகம் எனக்குத் தெரியக் கூடாதுன்னு கண்ணாடிய கொஞ்சம் திருப்பி வெச்சேன். அந்த மாதிரி இருந்தோம் நாங்க.

புது வண்டி வந்தப்புறம் முன்சீட்டுக்கு மாறிட்டாரு. மவன் பிரேம்நாத் ஓட்டுவாரு, இவரு பக்கத்துல உக்காந்துக்கினு முன்னால இருக்கற டச் ஸ்கிரீனை நோண்டிக்கினு இருப்பாரு. சாயங்காலம் என்னைப் பார்த்தா "சாப்டியாப்பா"ம்பாரு. அவ்ளோதான். எனக்கு வயிறு எரிஞ்சுது சார், மறைக்க என்ன இருக்குது.

ஒருநாள் புது வண்டிய ஷெட்டுல விடச் சொன்னாங்க. குறுக்கால ஒரு நாய் வந்துச்சு. நான் மிதிக்கறதுக்குள்ள வண்டியே கீச்னு கத்திட்டு நின்னுக்கிச்சு. அதை வெச்சு யாரையும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. பழசுல அந்தத் தொந்தரவு இல்ல. நாம சொன்னதைக் கேக்கும்.

ஆயுத பூஜை காலையில ரெண்டு வண்டியையும் கழுவி, சந்தனம் வெச்சு, மாலை போட்டு கடை வாசல்ல நிறுத்தினோம். எங்க கடையில ஒரு வழக்கம். சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழத்தை முதலாளிதான் தன் கையால வெக்கணும். வெச்சிட்டு, நகந்து நின்னு கை காட்டுவாரு. அப்புறம்தான் டிரைவர் அதை நசுக்கிக்கினு முன்னால போவணும்.

புது வண்டிக்கு முடிஞ்சுது. பழசுகிட்ட வந்து ஜன்னல் பக்கம் குனிஞ்சாரு.

"இதான் இதுக்குக் கடைசிப் பூஜைப்பா. நாளைக்கு இதை விலைக்கு வாங்கின ஐயம்பேட்டைக்காரன் வந்து எடுத்துக்கினு போறான். நீயும் வீட்டுல போய் நிம்மதியா இரு."

சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. நல்ல மனுஷன். யாரையும் நோகடிக்கணும்னு நினைக்க மாட்டாரு.

"சரிங்க முதலாளி"ன்னேன்.

பழத்தை எடுத்துக்கினு போய் முன்சக்கரத்துக்கிட்ட குந்தினாரு. இன்னும் கை காட்டல. நான் கியரைப் போட்டேன்.

பழைய வண்டி, பிரேக் புடிக்கலன்னு ஊரே பேசுது. பிரேம்நாத் தம்பியும் அழுதுக்கினே அதைத்தான் சொல்றாரு, உங்க ஏட்டய்யாவும் அப்படியேதான் எழுதிக்கினு போனாரு. என்மேல யாருக்கும் சந்தேகமே இல்ல. பேசாம இருந்தா நான் பாட்டுக்கு வீட்டுல இருந்திருக்கலாம். ஆனா இத்தனை வருஷம் உழைச்ச வண்டி மேல அபாண்டமா பழி போடறது எனக்குப் பொறுக்கல சார். அதான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த பிரேக்குல ஒரு குறையும் கெடையாது. முதலாளி மேல ஏறி இறங்கினப்புறம், ஒரே மிதியில நின்னுச்சு.