சண்டை நீண்டா கிஸ்மிஸ் ஏறும்

சுப்புத்தாய்: ...அதான் கேக்கேன். பருத்தி விக்கத் தேனிக்குப் போன ஆளு, அங்கன கிஸ்மிஸ் விலையைக் கேட்டியா, கேக்கலையா?

ராக்கையா: மொதல்ல தலை துவட்டத் துணி குடு தாயி. விடாத மழை. சின்னமனூர் தாண்டுறதுக்குள்ள மாடே நடுங்கிருச்சு.

சுப்புத்தாய்: இந்தா. துவட்டிக்கிட்டே சொல்லு.

ராக்கையா: கேட்டேன், கேட்டேன்.

சுப்புத்தாய்: என்னா சொன்னாக?

ராக்கையா: கொஞ்சம் பொறுக்கணுமாம்.

சுப்புத்தாய்: சித்திரையில திராட்சையக் காயவச்சு அள்ளுன நாள்ல இருந்து பொறுக்கோம். இப்ப ஐப்பசி.

ராக்கையா: ஒனக்கு யாவாரம் புரியாது. பஸ்ராவுல இருந்து பேரீச்சம்பழக் கப்பல் வரல. காந்தகார் கிஸ்மிஸ் ஏத்துற ரயில் பெட்டியெல்லாம் பட்டாளத்துக்குப் போகுது. இங்கன போடி ரயிலுக்குப் போட்ட தண்டவாளத்தையே பேத்துக் கொண்டுபோயிட்டாக...

சுப்புத்தாய்: அதெல்லாம் ஒலகச் சண்டை நடக்கறப்ப. சண்டை முடிஞ்சு மூணு மாசமாச்சுய்யா.

ராக்கையா: முடிஞ்சா? மறுநாளே கப்பல் வந்துருமா? அதுவும் போக, காந்தகார்ல இந்த வருசம் பனி கொட்டி, கொடியெல்லாம் கருகிப்போச்சாம்.

சுப்புத்தாய்: யாரு பாத்தா?

ராக்கையா: கம்பம் சந்தையில பேசிக்கிட்டாக.

சுப்புத்தாய்: சந்தையில நிக்கிறவனுக்குக் காந்தகார் பனி தெரியுது. நம்ம கூரை ஒழுகுறது ஒனக்குத் தெரியல.

ராக்கையா: ஒழுகுதா? எங்க... பரண்ல கிஸ்மிஸ் பானை மேலயா?

சுப்புத்தாய்: என் தலை மேல. பயப்படாத.

ராக்கையா: ஒரு நிமிசம் உசிரே போயிருச்சு.

சுப்புத்தாய்: பழம்னா மட்டும் ஒனக்கு உசிரு போயிரும்! ஆடி கடைசியில சண்டை முடிஞ்சதுன்னு தண்டோரா போட்டாக. சுருளிப்பட்டியே வெடி போட்டுச்சு. கருத்தம்மாக்கா பாயசம் காய்ச்சித் தெருவுக்கே ஊத்துனாக. நீ மட்டும் எழவு விழுந்த வீடு மாதிரி மூலையில உக்காந்திருந்த.

ராக்கையா: அன்னைக்கு வயித்துவலி.

சுப்புத்தாய்: வயித்துவலியா? என் தம்பி ஒச்சாண்டி பர்மாவுல துப்பாக்கியோட நின்னான். இனிமே உசிரோட வருவான்னு நான் அழுதுக்கிட்டு இருக்கேன். நீ... ‘இன்னும் ஆறு மாசம் இழுத்திருந்தா மணங்கு எடை முப்பது ரூவாய்க்குப் போயிருக்கும்’னு மொனகுன.

ராக்கையா: ...காதுல விழுந்துச்சா?

சுப்புத்தாய்: நல்லாவே விழுந்துச்சு.

ராக்கையா: நான் ஒச்சாண்டிய நெனச்சுச் சொல்லலத்தா. பழத்த நெனச்சுச் சொன்னேன்.

சுப்புத்தாய்: அதத்தான் நானும் சொல்றேன்.

ராக்கையா: சரி விடு. அதான் கார்த்திகையில வர்றேன்னு கடுதாசி போட்டுட்டான்ல... ஆனா ஒண்ணு கேக்கணும். வைகாசி, ஆனியில ‘வித்துரு, வித்துரு’ன்னு என்னயப் பிடுங்கி எடுத்த. ஆடிக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. நான் பொறுப்போம்னா நீயும் பொறுப்போம்ங்கற...

சுப்புத்தாய்: புருசன் சொன்னா கேக்கணும்ல.

ராக்கையா: இருவது வருசமா கேக்காதவ...

சுப்புத்தாய்: இப்பக் கேட்டுட்டேன். போதாதா? காப்பியக் குடி.

ராக்கையா: தேனிக்குக் கெளம்புறதுக்கு முன்னாடிகூட பரண்ல ஏறிப் பாத்தேன். பானை வாயில பூசுன மண்ணு அப்பிடியே இருக்கு. அதையும் மீறி என்னா வாசம்!

சுப்புத்தாய்: ...வாசம் வந்துச்சா?

ராக்கையா: தேன் மாதிரி.

சுப்புத்தாய்: நல்ல மூக்குய்யா ஒனக்கு.

ராக்கையா: ஏன் சிரிக்கற?

சுப்புத்தாய்: சிரிக்கலையே. காப்பிய ஏன் கையிலயே வச்சிருக்க? ஆறிப்போச்சு பாரு... கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

ராக்கையா: மழைத்தண்ணி.

சுப்புத்தாய்: துவட்டி எம்புட்டு நேரமாச்சு! என்னய்யா, சொல்லு.

ராக்கையா: தாயி... விலை விழுந்துருச்சு.

சுப்புத்தாய்: எம்புட்டுக்கு?

ராக்கையா: மணங்கு ஆறு ரூவா. இன்னைக்கு நேத்து இல்ல, ஒரு மாசமாச்சு. கொச்சிக்குக் கப்பல் வந்துருச்சு. வடக்கத்திச் சரக்கு மதுரையில வந்து குமியுது. அங்கன இருந்து கரியில ஓடுற லாரியில தேனிக்கு வருது. பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொட்டையில்லாத பழம் மலிஞ்சு கெடக்கறப்ப, நம்ம கொட்டைப் பழத்த எவன் தொடுவான்?

சுப்புத்தாய்: ஒரு மாசமாவா? போன வாரம் ஏறுமுகம்னு சொன்ன?

ராக்கையா: பொய். அதுக்கு முந்துன வாரம் சொன்னதும் பொய். ஒன் மூஞ்சிய எப்பிடிப் பாக்குறது? வெயில்ல மூணு வாரம் பாயில பழத்தப் பெரட்டிப் பெரட்டி ஒன் கையி கொப்பளிச்சது எனக்குத் தெரியாதா? ‘பதினெட்டுக்குக் கேக்காக, குடுத்துரு’ன்னு நீ சொன்ன. நான்தான் சண்டை நீளும், நீளும்னு... என்னயச் செருப்பால அடி தாயி.

சுப்புத்தாய்: தரையில உக்காராத, எந்திரிய்யா. பரண்ல பழம் இல்ல. உமிதான் இருக்கு.

ராக்கையா: என்னது?

சுப்புத்தாய்: நெல்லு உமி. நீ மோந்த தேனு அதுதான்.

ராக்கையா: அப்ப பழம்?

சுப்புத்தாய்: வித்துட்டேன். ஆடி பொறந்த வாரம் நீ மேகமலைத் தோட்டத்து வேலைக்குப் போனீல்ல, அப்ப. எட்டு மணங்கு. பதினெட்டு ரூவாய்க்கு.

ராக்கையா: என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம!

சுப்புத்தாய்: கேட்டா விட்டிருப்பியா? சாரல் விடாம அடிச்சுச்சு. பானையத் தொறந்தா பழம் பிசுபிசுன்னு கையில ஒட்டுது. இன்னும் பத்து நாள் வச்சிருந்தா பூஞ்சை பூத்துரும்... அது மட்டும் இல்லய்யா. அந்தப் பழம் பரண்ல இருக்கறவரைக்கும் நீ சண்டை நீளணும்னுதான் சாமி கும்புடுவ. என் தம்பி அங்கன நிக்கறப்ப எனக்கு அதத் தாங்க முடியல.

ராக்கையா: அப்ப பணம் எங்க?

சுப்புத்தாய்: பணம் அப்பிடியே இருக்கு. மூணாவது பானையில, உமிக்கு அடியில. வாரா வாரம் நீ ‘ஏறுது, ஏறுது’ன்னு வந்து நிப்ப. நான் எப்பிடிச் சொல்லுவேன், கொறைச்ச விலைக்கு வித்துட்டேன்னு?

ராக்கையா: அப்ப... நமக்கு நட்டம் இல்ல?

சுப்புத்தாய்: காலணா நட்டமில்ல.

ராக்கையா: நீ மகராசி தாயி! யாரு வாங்குனது?

சுப்புத்தாய்: தேனியில இருந்து கூண்டு வண்டி கட்டிக்கிட்டு வந்தாக. பஜார்ல மளிகைக் கடை வச்சிருக்காகளே, ஜேசுராஜ் முதலாளி, அவுகதான். ஒங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். பாவம், அவுகளும் இன்னும் ஏறட்டும்னு விக்காமலே வச்சிருக்காகளாம்... என்னய்யா, மறுபடியும் உக்காந்துட்ட? நட்டம் இல்லைனுதான சொல்றேன்?

ராக்கையா: பருத்தி வித்த காசு பூராவும் குடுத்து, அவுக கடையில கெடந்த எட்டு மணங்கையும் வாங்கி வண்டியில ஏத்திட்டு வந்திருக்கேன் தாயி. ஆறு ரூவாங்கவும் விட மனசு வரல, மறுபடி ஏறும்ல... ஒண்ணு வாயில போட்டுப் பாத்துட்டு, ‘என்ன இருந்தாலும் எங்க தோட்டத்துப் பழத்தோட இனிப்பு இதுல இல்ல முதலாளி’ன்னேன். அவுக குனிஞ்ச தலை நிமிராம மூட்டையக் கட்டிக் குடுத்தாக.